பூட்டுப் போடாத புண்ணியவான்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவரிடம் போய், அடுத்த சரக்கை என்ன விலைக்குத் தள்ளப்போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வண்டன்மேட்டில் மழை எப்படி என்று பேசுவார், போடிமெட்டு ரோட்டைப் பற்றிப் பேசுவார், டீ வாங்கித் தருவார். விலை மட்டும் வாயில் வராது. குடோன் கதவுக்கு இரண்டு பூட்டு, வாசலில் கேமரா, காய் பொறுக்குகிற பெண்கள் சாயங்காலம் வெளியே போகும்போது ஒரு கண். ரகசியத்தை இப்படி இறுக்கிப் பிடிக்கிற ஊரில் தாராள மனசுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்றால் நம்பவா போகிறீர்கள்? இருக்கிறார். கடைக் கம்ப்யூட்டரில் மெயில் செட் பண்ணிக் கொடுக்கிற அண்ணன்தான் அவர். பெயர் சொல்ல மாட்டேன். சொல்லாமல் விட்டாலே தேனியில் ஒருவர், கம்பத்தில் ஒருவர், உத்தமபாளையத்தில் ஒருவர் என்று மூன்று பேர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்வார்கள். மூன்று பேர் நினைப்பதும் சரிதான்.

அண்ணன் கைவேகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராமைத் திறந்து அக்கவுன்ட் செட்டிங்குக்குப் போனால் சர்வர் பெயர், போர்ட், கனெக்‌ஷன் செக்யூரிட்டி என்று கட்டங்கள் வரும். கடைசியாகச் சொன்னதை அமுக்கினால் மூன்று வார்த்தை கீழே விழும்: நன் (பூட்டே வேண்டாம்), ஸ்டார்ட்டிஎல்எஸ், எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். அண்ணன் முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார். இருப்பதைக் கொண்டு திருப்திப்படுகிற குணம் அது. மெயில் எடுக்க 110, அனுப்ப 25 என்று போர்ட் எண்ணை மனப்பாடமாகத் தட்டுவார். அந்த 25, எஸ்எம்டிபி விதிமுறையை எழுதிய 1982-ஆம் ஆண்டுக் காலத்து வாசல். அன்றைக்கு நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்து ஆட்கள், ஒருவரையொருவர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை இத்தனை வருஷம் கழித்தும் கட்டிக்காப்பவர் நம் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறார்.

993, 995, 465 என்று பூட்டுப் போட்ட வேறு மூன்று எண்கள் இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. இணைய விதிமுறைகளை வகுக்கிற ஐஇடிஎஃப் 2018-இல் 8314 என்ற ஆவணத்தை வெளியிட்டு, மெயில் புரோகிராம் சர்வரோடு பேசும்போது முதல் எழுத்திலிருந்தே டிஎல்எஸ் என்ற பூட்டு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது. ஆனால் ஒரு சேதி போடிக்கு வந்து சேர என்ன காலம் பிடிக்கும் என்று அவருக்குத்தானே தெரியும்? 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள், அகலப்பாதையில் ரயில் போடி வந்து நின்றபோது 2023 ஜூன். அந்தக் கணக்குப்படி 2018-இன் சேதி 2030 வாக்கில் வந்தால் போதும். அண்ணன் அவசரப்படுகிற ஆள் இல்லை.

ஹோஸ்டிங் கம்பெனியின் சீ-பேனல் பக்கத்தில் மெயில் செட்டிங் இரண்டு பெட்டியாகப் பிரித்துப் போட்டிருக்கும். ஒன்றின் தலையில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், பரிந்துரைக்கப்படுகிறது என்றிருக்கும். மற்றதன் தலையில் எஸ்எஸ்எல் இல்லாதது, பரிந்துரைக்கப்படவில்லை என்றிருக்கும், ‘இல்லை’ மட்டும் கொட்டை எழுத்தில். யாரும் பரிந்துரைக்காததை நாமாவது ஆதரிக்க வேண்டும் என்று அண்ணன் இரண்டாவதை எடுத்துக்கொள்வார். கைவிடப்பட்டவர்கள் மேல் அவருக்கு அப்படி ஓர் இரக்கம்.

பாஸ்வேர்டு அப்பட்டமாகப் போகிறது என்று அவர் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. அது அநியாயம். பேஸ்64 என்று ஒரு சட்டையை மாட்டிக்கொண்டுதான் பெரும்பாலும் போகும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் எல்லாம் கலந்து, சில சமயம் வாலில் ஒன்றிரண்டு சமக்குறியும் தொங்கும். பார்த்தால் ஒற்றர்கள் எழுதிய ஓலை மாதிரியே இருக்கும். திருப்பிப் படிக்கச் சாவி எதுவும் வேண்டாம் என்பது மட்டும்தான் குறை. சர்வர் படிக்கிற அதே முறையில் வழியில் நிற்கிற எவனும் ஒரு நொடியில் படித்துவிடலாம். தண்டர்பேர்டு வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மெயில் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். 110 வழியாக எட்டிப் பார்க்கும்போதெல்லாம் பாஸ்வேர்டைச் சொல்லித்தான் உள்ளே போகும். ஒரு தரம் காதில் விழாதவனுக்குக் கூட மணிக்கு ஆறு தரம் வாய்ப்பு. முதலாளி ஸ்பைசஸ் போர்டு வேலையாகக் கொச்சிக்குப் போய், லாட்ஜ் வைஃபையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் அந்த லாட்ஜுக்கே தானம்.

மாட்டுச் சந்தையில் தரகர் துண்டை விரித்து, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் இரண்டு கைக்கு மட்டும்தான் விலை தெரியும். டிஎல்எஸ் செய்வதும் அவ்வளவுதான்: துண்டை விரித்துவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கிறது. ஸ்டார்ட்டிஎல்எஸ் முதலில் வெளிப்படையாக வணக்கம் சொல்லி, துண்டு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு விரிக்கும். நடுவில் நிற்கிறவன் அந்த விசாரிப்பையே விழுங்கிவிட்டால் துண்டு வராது. துண்டு வராவிட்டால் பேச்சையே நிறுத்திவிடுகிற புரோகிராம் நல்லது. பழைய தண்டர்பேர்டில் ‘இருந்தால் டிஎல்எஸ்’ என்று ஒரு வசதி இருந்தது. துண்டு இல்லையென்றால் சத்தமாகவே விலை பேசிவிட்டு, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாது. பிற்பாடு அதை எடுத்துவிட்டார்கள். அண்ணனுக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

அவர் எஸ்எஸ்எல்லைத் தொட்டதே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தொட்டிருக்கிறார். தொட்ட மாத்திரத்தில் ஒரு எச்சரிக்கை ஜன்னல் வந்து நின்றது. சர்வர் பெயர் என்று கட்டத்தில் போட்டிருப்பது கடையின் சொந்த டொமைன், சர்வர் நீட்டிய சான்றிதழோ ஹோஸ்டிங் கம்பெனி பெயரில் இருக்கிறது, இரண்டும் ஒட்டவில்லை என்பது அதன் புகார். விவரம் கெட்ட ஒருவர் என்றால் ஹோஸ்டிங் கம்பெனி அனுப்பிய மெயிலைத் தேடி எடுத்து, சான்றிதழில் உள்ள சர்வர் பெயரையே கட்டத்தில் போட்டு, எச்சரிக்கை வராமல் செய்திருப்பார். இரண்டு நிமிடம் வீண். அண்ணன் ‘நிரந்தரமாக நினைவில் வை’ என்பதில் டிக்கோடு, விதிவிலக்குக்குச் சம்மதம் என்று ஒரே அமுக்கு.

அதோடு விட்டிருந்தால் சாதாரண ஆள். அந்த விதிவிலக்கு அந்த ஒரு சான்றிதழுக்கு மட்டும்தான் செல்லும். சான்றிதழ் மாறினால், அல்லது நடுவில் எவனாவது தன் சான்றிதழை நீட்டினால், ஜன்னல் மறுபடி வரும். ஆபத்து என்று கம்ப்யூட்டர் கத்துவதற்குக் கடைசியாக மிச்சமிருக்கிற ஒரே வாய் அது. அண்ணன் தொலைநோக்கோடு அதற்கும் வழி சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்: “எப்பக் கேட்டாலும் ஓகே குடுத்துருங்கண்ணே, ஒண்ணும் ஆகாது.” முதலாளியும் ரோக்காச் சீட்டில் கையெழுத்துப் போடுகிற வேகத்தில் இன்றுவரை ஓகே கொடுத்து வருகிறார். ஒரு கம்ப்யூட்டரின் பூட்டைத் திறப்பது யாருக்கும் கைவரும். மனுஷனையே திறந்து வைத்துவிட்டுப் போவது எல்லோருக்கும் வராது.

இன்னொரு கடையில் பழைய கம்ப்யூட்டர். மதர்போர்டில் இருக்கிற சில்லறைக் காசு அளவு பேட்டரி செத்துவிட்டது. கரன்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். தேதி தப்பாக இருந்தால் எந்தச் சான்றிதழும் இன்னும் செல்லுபடி ஆகவில்லை என்றுதான் மெயில் புரோகிராம் சொல்லும், சொன்னது. அந்தப் பேட்டரி சில பத்து ரூபாய். முதலாளிக்கு அந்தச் செலவை வைக்க அண்ணனுக்கு மனசு வரவில்லை. எஸ்எஸ்எல்லைக் கழற்றிவிட்டார். காரியம் முடிந்தது.

இந்தத் தொண்டுக்கு இடைஞ்சல் வெளியிலிருந்துதான். ஜிமெயில் கணக்குகளுக்கு ‘லெஸ் செக்யூர் ஆப்ஸ்’ என்ற சுவிட்சை ஆன் செய்து, வெறும் பாஸ்வேர்டோடு மெயில் புரோகிராமை உள்ளே விடுவது அண்ணனின் தினசரி வேலையாக இருந்தது. 2022 மே 30-ஆம் தேதியோடு கூகுள் அதை நிறுத்தத் தொடங்கியது. இனிமேல் கூகுளின் ஜன்னலிலேயே நேராக லாகின் செய்து அனுமதி கொடுக்கிற ஓஆத்2, இல்லாவிட்டால் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்துவிட்டு வாங்குகிற பதினாறு எழுத்து ஆப் பாஸ்வேர்டு. தண்டர்பேர்டில் ஓஆத்2 என்பது ஆத்தென்டிகேஷன் கட்டத்திலேயே இருக்கிறது, பைசாச் செலவில்லை. அண்ணன் இரண்டாவதைத் தேர்ந்தார். பதினாறு எழுத்தும் சிவகாசி காலண்டரில் ஏறின, எமகண்டத்துக்குப் பக்கத்தில். அதற்கு முன்பே இரண்டாவது அடுக்குக்கு ஒரு செல் நம்பர் வேண்டும் என்று கூகுள் கேட்டிருந்தது. முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார், தொந்தரவு செய்வானேன் என்று அண்ணன் தன் நம்பரையே கொடுத்துவிட்டார். அன்று முதல் அந்தக் கடையின் ஓடிபி எல்லாம் அண்ணன் பாக்கெட்டில் மணியடிக்கிறது. பொறுப்பை இந்த அளவுக்குத் தன் தலையில் போட்டுக்கொள்கிறவரை எங்கே தேடுவீர்கள்?

கேட்டால் அடக்கமாகத்தான் பதில் சொல்வார். “நம்ம மெயில யாருண்ணே பாக்கப் போறா?” இன்னும் கொஞ்சம் நெருக்கினால், வழியில் பூட்டினாலும் சர்வரில் திறந்துதானே கிடக்கும் என்பார். அது உண்மை. டிஎல்எஸ் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் இடையிலுள்ள வழியை மட்டும்தான் மறைக்கும், அதற்கு அப்பால் வேறு காவல் வேண்டும். பாதி தெரிந்தவர் அந்தப் பாதியை எவ்வளவு சரியாகச் சொல்கிறார் பாருங்கள்.

யார் பார்ப்பார் என்பதற்கும் விடை உண்டு. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு ஏலக்காய். அதை வடக்கே அனுப்புகிற கடையின் மெயிலில் யாருக்கு எத்தனை மூட்டை, எந்த பேங்க் கணக்கு, பணம் எந்தத் தேதிக்கு வரும் என்று எல்லாம் இருக்கும். வருகிற விருந்தாளி சத்தமே போட மாட்டார். கணக்குப்பிள்ளையை விடக் கவனமாகப் பழைய மெயில்களைப் படிப்பார். வருகிற மெயிலில் ஒரு நகல் தனக்கும் வருகிற மாதிரி ஒரு ஃபார்வர்டு விதியை வைத்துவிட்டுக் காத்திருப்பார். பணம் வரப்போகிற வாரத்தில், கடை முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறிய மெயிலிலிருந்து, வாடிக்கையாளருக்கு மரியாதையாக எழுதுவார்: பேங்க்கில் ஆடிட் நடக்கிறது, இந்தத் தடவை மட்டும் கீழ்க்கண்ட கணக்கில் போடவும். முதலாளி வழக்கமாகச் செய்கிற எழுத்துப்பிழை கூட அதில் இருக்கும். இந்த வகை மோசடியில் 2023-இல் மட்டும் தங்களிடம் வந்த புகார்களில் போன பணம் 290 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ கணக்குச் சொன்னது. உள்ளே வர ஒயரில் ஒட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, போலி லாகின் பக்கத்தை அனுப்பி ஏமாற்றி வருகிறவர்களே அதிகம். அண்ணன் கடைகளுக்கு வருகிறவருக்கு அந்தச் சிரமம் கூட இல்லை.

பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போட வேண்டும். போன பணத்தை வழியில் நிறுத்தப் பார்ப்பார்கள், நேரம் போகப் போக வாய்ப்புக் குறையும். நம் முதலாளி முதல் போனை அண்ணனுக்குத்தான் போடுவார். அண்ணனும் சாப்பாட்டை விட்டு எழுந்து வருவார். கம்ப்யூட்டரை அரை நாள் பிரித்து வைத்து, “வைரஸ்ணே” என்பார். ஒரு ஆன்ட்டிவைரஸ் போடுவார், அதற்கு ஒரு பில் கொடுப்பார். கனெக்‌ஷன் செக்யூரிட்டி கட்டம் பக்கம் மட்டும் போகவே மாட்டார். தான் செய்த தர்மத்தைத் தானே திரும்பிப் பார்ப்பது நல்லவர்களுக்கு அழகில்லை.

முதலாளிமாரையும் இதில் சேர்த்துப் பாராட்டாவிட்டால் பாவம். குடோன் கேமராவுக்கு மூன்று கடை ஏறி இறங்கி, நாலு கம்பெனி விலை கேட்டு வாங்கியவர்கள். மெயிலுக்கு மட்டும் “சீக்கிரம் தம்பி, ஏலம் ஆரம்பிக்கப் போவுது” என்று முதுகில் தட்டி, அண்ணனின் கலைக்கு வேகம் சேர்த்தவர்கள் அவர்கள்தான்.

காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைக் கமிஷன்காரர் ஒருவர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறாராம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர்க்காரர்கள் மெயிலில் விசாரிக்கிறார்களாம். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. ஐநூறு ரூபாய், பெட்ரோல் காசு தனி.