ஜூஜுவாடியில் சிங்கத்தின் ஆட்சி: படப் புத்தக விலங்குகளின் பதவி பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடம், ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடி. இந்தப் பக்கம் சிப்காட் கம்பெனிகள், அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, நடுவே தேசிய நெடுஞ்சாலை 44, அதன்மேல் நகர மறுக்கும் லாரிகள். இவ்வூரில் சிங்கம் கிடையாது. தாத்தா காலத்தில் இருந்ததாகவும் யாரும் சொல்வதில்லை. ஆனால் இங்குள்ள லைன் வீடுகளில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும், அது வீட்டில் பேசுவது தமிழோ தெலுங்கோ கன்னடமோ உருதோ இந்தியோ, காட்டுக்கு ராஜா யார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. தண்ணீர் லாரி விஷயத்தில்கூட ஏற்படாத இந்த ஒற்றுமை எப்படி வந்தது? இதை ஆராயும்படி யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆய்வுகள் பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கின்றன.

2. முதன்மைச் சான்று

சான்றாக எடுத்துக்கொண்டது பஸ் ஸ்டாண்டில் தொங்கவிட்டு விற்கும் ரகத்தைச் சேர்ந்த, கெட்டி அட்டையிலான ஒரு படப் புத்தகம். கீழ் மூலையை அதன் உரிமையாளர் ஏற்கெனவே மென்று ஆராய்ந்துவிட்டபடியால், ‘கரடி’ என்ற பெயரில் ‘டி’ மட்டுமே எஞ்சியுள்ளது. சிங்கத்தின் பக்கம் சேதமின்றி இருக்கிறது. சூரியகாந்திப் பூப்போல வட்டப் பிடரியுடன் பாறைமேல் நின்று அது கர்ஜிக்கிறது. பின்னால் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை. இரண்டுக்கும் நடுவே ஒரு புலி. ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் எந்தப் பத்திரப் பதிவும் இல்லாமல் ஒரே பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

உயிரியல் அறிந்தோர் கணக்குப்படி சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம்வரை படுத்துக் கிடக்கும் பிராணி. வேட்டையில் பெரும்பங்கு பெண் சிங்கங்களுடையது. இந்தப் புத்தகத்தில் பெண் சிங்கத்தைக் காணோம். வேட்டைக்குப் போயிருக்க வேண்டும்.

3. விதி

இவற்றைப் பரிசீலித்ததில் பின்வரும் விதி கிடைத்தது: படப் புத்தகத்தில் ஒரு விலங்குக்குக் கிடைக்கும் பதவி, அந்த விலங்குக்கும் வாசகரின் வீட்டு வாசலுக்கும் இடையிலுள்ள தொலைவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

சிங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆசியச் சிங்கம் இயற்கையாக வாழ்வது குஜராத்தின் கிர் காட்டிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும்தான். 2020இல் 674 ஆக இருந்த அதன் எண்ணிக்கை 2025 கணக்கெடுப்பில் 891. அவற்றில் ஒன்றுகூட ஓசூர்ப் பக்கம் வந்து ஒரு கோழியைத் தூக்கியதில்லை. எனவே ராஜா. புலி சத்தியமங்கலம் வரை வந்துவிட்டது. தரம் உடனே இறங்கி, தங்கக் காப்பைக் காட்டி வழிப்போக்கனை ஏமாற்றும் கிழட்டு வேடம்தான் கிடைக்கிறது. நரி வயல்வரப்பு வரை வரும்; புரோக்கர் வேலை. காகம் வீட்டு மதிலிலேயே உட்கார்ந்திருக்கிறது. வடை திருடிய வழக்கு இன்னும் அதன்மேல் நிலுவையில் உள்ளது.

ஆளுவதற்கு நேரில் வரவேண்டியதே இல்லை என்பதற்குச் சிவகாசியில் சான்று உண்டு. 1984 முதல் அங்கிருந்து வரும் லயன் காமிக்ஸைப் புரட்டினால், நாயகன் டெக்ஸ் வில்லர் குதிரையில் வருகிறார், துப்பாக்கி வெடிக்கிறது, புழுதி பறக்கிறது. சிங்கம் பெயரோடு சரி.

விதிக்கு ரிசர்வ் வங்கி ஓரளவு எதிர்ப்புத் தெரிவிக்கிறது. அதன் முத்திரைக்கு மாதிரியாக எடுத்துக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் மொகரா நாணயத்தில் இருந்தவை சிங்கமும் பனைமரமும். நம் நாட்டுக்குப் புலியே பொருத்தம் என்று கருதிச் சிங்கத்தை இறக்கிவிட்டார்கள். ஆனாலும் சாரநாத் தூணின் சிங்கங்கள் நாணயத்தில் நிற்கின்றன. வங்கி புலிக்கு, சில்லறை சிங்கத்துக்கு என்று சமரசமாகிவிட்டதாகக் கொள்ளலாம்.

4. இடர்ப்பாடுகள்

முதல் இடர்ப்பாடு பன்னேர்கட்டா. ஜூஜுவாடியிலிருந்து நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் அந்தப் பூங்காவில் சிங்கங்கள் உள்ளன. டிக்கெட் எடுத்தால் வண்டியில் வைத்துக் காட்டுகிறார்கள். இவ்வளவு அருகில் இருந்தும் அவற்றின் பதவி பறிபோகவில்லையே என்று விதியையே கைவிடும் நிலை வந்தது. மாநில எல்லை காப்பாற்றியது. அவை கர்நாடகச் சிங்கங்கள். எல்லைக்கு அப்பால் இருப்பதன் தொலைவைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது என்பதை, ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் பெர்மிட்டுக்காகக் காத்திருக்கும் எந்த லாரி டிரைவரும் உறுதி செய்வார்.

இரண்டாவது இடர்ப்பாடு உருவத்திலேயே பெரியது. யானை. ஆண்டுதோறும் ராகி கதிர் முற்றும் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து கூட்டமாகப் புறப்பட்டு, ஜவளகிரி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, ஓசூர் அருகேயுள்ள சானமாவுக் காடு வரைக்கும் அது வந்து சேர்கிறது. பெர்மிட் கேட்பார் இல்லை. 2014இல் காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. அறிவிப்பை யானைகள் வாசித்ததாகத் தெரியவில்லை. ராகி எங்கே இருக்கிறதோ அதுவரைக்கும் காடு என்பது அவற்றின் கணக்கு.

படப் புத்தகத்து யானையோ வேறு ஜாதி. பந்து விளையாடும், குடை பிடிக்கும். சென்னை தூலிகா பதிப்பகம் வெளியிட்ட அசோக் ராஜகோபாலனின் கஜபதி குலபதிக்குச் சளி பிடித்துப் பெருந்தும்மல் வருகிறது. குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், நியாயம்தான். சானமாவுப் பக்கத்து அப்பாக்களுக்கு யானை என்றால் வேறு. ராத்திரி பரணில் உட்கார்ந்து, டார்ச்சும் பட்டாசுமாக விடிய விடியக் காவல். ராகி போனால் அந்த வருஷத்து உழைப்பு போச்சு. சில வருஷம் ஆளே போய்விடுவதுண்டு. அந்த யானை படுக்கை நேரத்துக் கதைக்கு உதவாது. ஆகவே விதி உடையவில்லை. உருவத்தில் எல்லாரையும்விடப் பெரியதாக இருந்தும் யானையை இந்தப் படப் புத்தகங்கள் காட்டுக்கு ராஜாவாக்காததற்குக் காரணம், அது வாசலுக்கு வருகிறது என்பதே.

மூன்றாவது, சிறுத்தை. ஓசூர் வட்டாரத்தில் உண்மையிலேயே உலவும் விலங்கு. இதற்குப் படப் புத்தகத்தில் கதையே கிடைப்பதில்லை. அகரவரிசைப் படத்தில் ஒரு கட்டம் கிடைத்தால் உண்டு.

5. கிளைவிதி

தொலைவு கூடக்கூடப் பதவி உயரும். பதவி உயர உயர அறிவு குறையும். பஞ்சதந்திரத்துப் பாசுரகன் என்ற சிங்கம், கிணற்றில் தெரிந்த தன் நிழலை எதிரி என்று நம்பிக் குதித்துச் செத்தது. ஏமாற்றியது முயல்; ஓசூர்ப் புறம்போக்குகளில் இன்றும் ஓடுகிற, யாரும் மரியாதை தராத உள்ளூர்க்காரர். பிங்கலகன் என்ற இன்னொரு சிங்கம் காளையின் முக்காரம் கேட்டே நடுங்கியது. ராஜாவை நேரில் பார்த்தவர்கள் எழுதிய கதைகள் இவை என்று ஊகிக்க இடமுண்டு. காகம் மட்டும் இதில் இழுபறி: வடையில் தோற்றது, பானைத் தண்ணீரில் கல் போட்டு ஜெயித்தது.

6. கள ஆய்வு

கோட்பாட்டை மட்டும் நம்பாமல், முதன்மைச் சான்றின் உரிமையாளரிடம் பேட்டி காணப்பட்டது.

“சிங்கம் எங்கம்மா இருக்கு?”

“புக்குல.”

“யானை?”

“அப்பா தொரத்துறாரு.”

மேற்கொண்டு கேள்விகளுக்குப் பிஸ்கட் கேட்டதால் பேட்டி அத்துடன் முடிந்தது.

7. முடிவும் பரிந்துரையும்

சிங்கத்தின் ஆட்சிக்குக் காரணம் வீரமல்ல, வராமை. யானைக்கு நியாயம் செய்ய விரும்பும் பதிப்பாளர்கள், ராகிக் கொல்லையையும் பரணையும் சேர்த்து ஒரு படப் புத்தகம் போடலாம். கதாநாயகன் யார், வில்லன் யார் என்று எழுதியவருக்கே குழப்பம் வரும்; குழந்தைகள் சமாளித்துக்கொள்வார்கள்.

இவ்விதி மனிதர்களுக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கிறார்கள். முதற்கட்டத் தரவுகள் ஊக்கமளிக்கின்றன. ஜூஜுவாடியிலிருந்து வார்டு கவுன்சிலர் ஓரிரு தெரு தள்ளி இருக்கிறார். அவரை எல்லோரும் திட்டுகிறார்கள். சென்னைக் கோட்டை 300 கிலோமீட்டருக்கு மேல். அங்குள்ளவர்களுக்குக் கட்அவுட் வைக்கிறார்கள். டெல்லி 2,000 கிலோமீட்டரையும் தாண்டி இருக்கிறது. பெங்களூரு விதான் சௌதா 40 கிலோமீட்டருக்குள் இருந்தும் செல்லுபடியாகாததைப் பன்னேர்கட்டாச் சிங்கங்களின் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். முழு ஆய்வுக்கு டெல்லி போய்வர வேண்டும். பயணப்படியை அனுமதிக்க வேண்டியவர் வெகு தொலைவில் இருக்கிறார்.