முழம் என்னும் அலகின் நெகிழ்ச்சி: ஒரு பூக்கடை ஆய்வு

‘சாண் ஏறினால் முழம் சறுக்கும்’ என்ற பழமொழியை வழுக்குமரத்தோடு நிறுத்திக்கொண்டது பொருளியலுக்கு இழைக்கப்பட்ட அநீதி. ஏறுவது விலை, சறுக்குவது விற்பனை என்று கொண்டால், இரண்டு சாண் ஒரு முழம் ஆகையால், தேவையின் விலை நெகிழ்ச்சி இங்கே மிகச் சரியாக 2. நெகிழ்ச்சியைச் சதவீதத்தில்தான் கணக்கிட வேண்டும், சாணில் அல்ல என்று ஆட்சேபிப்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். பழமொழியை விடத்தான் மனம் வரவில்லை.

ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1890இல் வெளியிட்ட நூலில் இந்தக் கருத்தை நிலைநிறுத்தினார். சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், விடுதியின் மொட்டைமாடியில் இருந்தபோது அவருக்கு இது உதித்ததாகச் சொல்வார்கள். மதுரையில் ஒரு பூக்காரம்மா முன்னால் கால் மணி நேரம் நின்றிருந்தால் மாடிப்படி ஏறும் வேலை மிச்சமாகியிருக்கும்.

விதி எளிது. விற்பனை எத்தனை சதவீதம் குறைந்தது என்பதை, விலை எத்தனை சதவீதம் ஏறியது என்பதால் வகுக்க வேண்டும். முழம் 30 ரூபாய்க்கு 20 முழம் விற்பதாக வைத்துக்கொள்வோம், வரவு 600. விலையை 36 ஆக்கியதும் 14 முழம்தான் போகிறது, வரவு 504. விலை 20 சதவீதம் ஏற, விற்பனை 30 சதவீதம் இறங்கிவிட்டது. நெகிழ்ச்சி 1.5. மல்லி போனால் முல்லை, முல்லை போனால் பிச்சி, அதுவும் இல்லையென்றால் வெறுங்கொண்டை. மாற்று இருக்கும்வரை வாங்குபவர் கை ஓங்கியே இருக்கும்.

தை பிறந்ததும் கணக்கு தலைகீழாகிறது. மார்கழிப் பனியில் செடி மொட்டு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். முகூர்த்தங்களோ வரிசைகட்டி நிற்கும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி அந்நாட்களில் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது அதிசயமல்ல. விலை இரட்டிப்பானாலும் 20 முழம் விற்ற இடத்தில் 18 போகிறது என்றால் நெகிழ்ச்சி வெறும் 0.1. கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ளிவைத்தால் பூச்செலவு மிச்சம் என்று பெண்ணின் தகப்பனாரிடம் எடுத்துச்சொல்ல எந்தப் பொருளியலாளரும் இதுவரை முன்வரவில்லை. மண்டபத்துக்கும் நகைக்கும் கொடுத்த பணத்துக்கு முன் பூச்செலவு கண்ணுக்கே தெரியாது.

இனிதான் ஆய்வின் மையம். மார்ஷல் விலையையும் அளவையும் மாறவிட்டார். அளக்கும் கோல் மாறாது என்று நம்பினார். முழம் என்பது முழங்கை தொடங்கி நடுவிரல் நுனிவரை. ஆனால் சந்தையில் விலை ஏறுகிற நாளில் பூச்சரம் முழங்கையில் தொடங்குவதில்லை, அதற்கு நாலு விரல் முன்னால் தொடங்குகிறது. கட்டும் கையும் அன்றைக்குத் தாராளத்தை மறந்துவிடும்: மொட்டுக்கும் மொட்டுக்கும் நடுவே நார் எட்டிப் பார்க்கும். வாயால் சொல்லும் விலை மட்டும் அதே 30. விலை ஏறவில்லை என்பதால் தேவையும் குறையவில்லை. இந்த நுட்பத்தைப் பின்னாளில் பிஸ்கட் கம்பெனிகளும் கையாண்டன, எடையைப் பாக்கெட்டின் மூலையில் சிறிய எழுத்தில் போட்டு.

இரவு ஒன்பது மணிக்கு மேல் இன்னொரு விதி. மல்லி மறுநாளைக்கு நிற்காது. விரியத் தொடங்கிய பூவை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது என்பதால், “மூணு முழம் அம்பது ரூவா, வச்சுக்கோங்கக்கா” என்று குரல் இறங்கும். அப்போது கை மட்டும் முழங்கையைத் தாண்டித் தோள் பக்கம் நகரும்.

இதைப் புள்ளிவிவரமாக்கும் நோக்கில் ஆய்வாளர் ஒரு கோயில் வாசலுக்கு மர அடிக்கோலோடு சென்றார். சரத்தின் ஒரு முனையைப் பிடித்ததுமே பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன சார், பூ வாங்க வந்தீங்களா, நெலம் அளக்க வந்தீங்களா?”

ஆய்வாளர் இரண்டு முழம் வாங்கினார். சொன்ன விலைக்கே.