ஹலோ, மைக் டெஸ்டிங்

ஒயர் இருந்த காலத்தில், அது எட்டும் தூரம் வரைதான் பேச்சாளர் நடப்பார். கம்பியில்லா மைக் வந்தபின் பந்தி வரைக்கும் வந்துவிடுகிறார்.

கையில் பிடிக்கும் மைக்கில் ஆன்டெனா பெரும்பாலும் அடிப்பகுதியில்தான் இருக்கும். பெரியவர்கள் தேடிப்பிடித்து அங்கேயே பிடிப்பார்கள். பேச்சு விட்டு விட்டு வரும். (சில பேச்சுகளுக்கு அது நல்லதுதான்.) இளைஞர்களோ மேலே உள்ள வலையை உள்ளங்கையால் பொத்துவார்கள். ஒரு பக்கச் சத்தத்தை மட்டும் வாங்க வேண்டிய மைக் நாலாபக்கமும் வாங்கி, ‘கீஈஈ’ என்று அலறும். சபை மொத்தமும் மைக்செட்காரரை முறைக்கும்.

சட்டையில் குத்தும் மைக் இன்னும் பொல்லாதது. 2010 ஏப்ரல் 28 அன்று ராச்டேலில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன், அதைக் கழற்றாமலே காரில் ஏறினார். சற்றுமுன் சிரித்துப் பேசிய மூதாட்டியைப் பற்றி உள்ளே முணுமுணுத்தது நாட்டுக்கே கேட்டது. அன்றே அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

நம் விழாக்களில் அந்தப் பயம் இல்லை. வரவேற்புரை முடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.