மூன்று நாள் தாளமும் இரண்டு காதும்

கேள்வி: கூச்சிங் மழைக்காட்டு உலக இசை விழாவுக்குத் தோழிகள் கிளம்பிவிட்டார்கள். மூன்று நாள் ஆட்டத்தை உடம்பு தாங்குமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: கால்கள் தாங்கிவிடும்; பாவம், காதுகள்தான்! 1998 முதல் இந்த விழாவால் சந்துபோங் மலையடிவாரம் அதிர்கிறது. அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷின் கணக்கில் 85 டெசிபெல் சத்தத்துக்கு 8 மணி நேரமே எல்லை. 3 டெசிபெல் கூடக்கூட அந்நேரம் பாதியாகும். 100-ஐத் தொட்டால் வெறும் 15 நிமிடம்! ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி நிற்பவர் புத்திசாலி. காதில் திணிக்கும் பஞ்சு போதாது, நுரை அடைப்பான் வேண்டும்.

அடுத்த எதிரி புழுக்கம். ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது, உடம்புச் சூடும் இறங்காது. தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர். வியர்த்துக் கொட்டினால் ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல். தலை சுற்றினால் நிழலும் ஈரத்துணியும்.

பேச்சு குழறினால்? மருத்துவ உதவி, அந்த நொடியே. பாட்டு காத்திருக்கட்டும்!