அப்பாலிக்கா கழட்டிக்கலாம்: கிளீகோ பற்றி வடசென்னையிலிருந்து ஓர் ஆய்வு

வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் கிளீகோ என்றொரு பொருளை வைத்திருக்கிறார்கள். தகடுகளை ரிவெட் அடிக்கும்வரை சேர்த்துப் பிடிக்கும் தற்காலிக ஆணி. இதில் அறிஞர் பெருமக்கள் கவனிக்கத் தவறியது ஒன்றுண்டு: வேலை முடிந்ததும் அதை உண்மையிலேயே கழற்றிவிடுகிறார்கள்.

முதலில் அமைப்பு. சிறு உருளைக்குள் ஒரு ஸ்பிரிங். முனையில் ஊசி போன்ற இரு கால்கள், நடுவே ஒரு பட்டை. அதற்கென்றே உள்ள குறடால் தலையை அழுத்தினால் கால்கள் முன்னே நீண்டு ஒட்டிக்கொண்டு துளைக்குள் நுழையும். குறடை விட்டால் பின்வாங்கும்; பட்டை அவற்றை விரிக்கும்; தகடுகள் இறுகும். 3/32 அங்குலத் துளைக்கு வெள்ளி நிறம், 1/8-க்குச் செம்பு, 5/32-க்குக் கறுப்பு. ஒரு கோடியிலிருந்து அடித்துக்கொண்டே போனால் அலுமினியத் தகடு மெல்ல நகர்ந்து, மறுகோடியில் துளைகள் பொருந்தாது. அதனால் துளையிட்டு, கிளீகோ செருகி, எல்லாவற்றையும் கழற்றிப் பிசிறு எடுத்து, திரும்பவும் செருகி, அதன்பிறகே ரிவெட். ஒரு சிறு விமானத்துக்கே ரிவெட் பத்தாயிரத்தைத் தாண்டும். பறக்கும் நாளில் ஒரு கிளீகோகூட இருக்காது.

(1910-இல் மவுண்ட் ரோட்டு ஓட்டல்காரர் டி ஏஞ்சலிஸ், சிம்சன் பட்டறைத் துணையோடு விமானம் கட்டிச் சென்னையில் பறந்தபோது இந்தத் தொல்லை இல்லை. அது மரமும் துணியும்.)

இனி கள ஆய்வு. திருவொற்றியூர்ப் பட்டறைகளில் தற்காலிகத்தின் அலகு ‘டாக்’. வெல்டர் இரண்டு பொட்டு வைத்து நிறுத்துவார்; மட்டம் பார்த்தபின் முழு வெல்டிங் ஓட்ட வேண்டும் என்பது கொள்கை. அதற்குள் டீ வரும், கரண்ட் போகும், பார்ட்டி குட்டியானையோடு வந்து நிற்பார். “இப்போதிக்கு நிக்கட்டும், அப்பாலிக்கா ஓட்டிக்கலாம்.” அந்த அப்பாலிக்கா வந்ததற்குச் சான்று ஏதும் அகப்படவில்லை. பார்வைக்கு எடுத்துக்கொண்ட கேட் ஒன்றில், டாக் பொட்டின்மேல் ரெட் ஆக்சைடு, அதன்மேல் பச்சை, அதன்மேல் நீலம். அடுக்குகளை வைத்துக் காலம் கணித்தால், அந்தப் பொட்டு குறைந்தது இரண்டு வீட்டுக்காரர்களைக் கண்டிருக்க வேண்டும்.

கிளீகோவை விளக்கியபோது மேஸ்திரி ஒருவர் கேட்ட கேள்வி இத்துறையின் அடித்தளத்தையே அசைக்கிறது: “கழட்டத்தான் போறோம்னா இன்னாத்துக்கு சார் மாட்டணும்?”

நேர்மையான ஆய்வாளன் எதிர்ச்சான்றை மறைக்கலாகாது. அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலையிலிருந்து வெறும் சேசிஸ்களை ஓட்டிக்கொண்டு போவார்கள். முன்கண்ணாடி இல்லை, கூரை இல்லை, டிரைவர் முகத்தில் துண்டு. அவர் உட்கார ஒரு தற்காலிக இருக்கை. பாடி கட்டக் கரூர் போய்ச் சேர்ந்தால், அது கழற்றப்பட்டுவிடும். தற்காலிகம் தற்காலிகமாகவே இருந்த நிகழ்வு இந்த வட்டாரத்தில் இது ஒன்றே. ஆனால் கழற்றியவர்கள் கரூர்க்காரர்கள் என்பதால் நம் கருதுகோளுக்குச் சேதமில்லை.