குப்பைத்தொட்டிக்கும் ஓனர் உண்டு

கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு குப்பைத்தொட்டி வரைவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது 1985-இல் தெரியவந்தது. அமெரிக்காவின் டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனி, ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டர்களுக்கு 'ஜெம்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் ஜன்னல்கள், வேண்டாத ஃபைலை இழுத்துப்போட ஒரு தொட்டி. ஆப்பிள் கொதித்தெழுந்தது. எங்கள் மெக்கின்டாஷின் முகத்தை நீ எப்படி மாட்டிக்கொள்ளலாம்? கோர்ட் மிரட்டலுக்குப் பிறகு வந்த பதிப்பில் தொட்டியைக் காணோம். ஃபைல் பார்க்க இரண்டே ஜன்னல், இரண்டும் நகராது. அதே ஜெம், அடாரி எஸ்டி கம்ப்யூட்டரில் மட்டும் தொட்டியோடு சௌக்கியமாக இருந்தது. ஐபிஎம் வாங்கிய பாவி குப்பையை எங்கே கொட்டுவான் என்று ஒரு வக்கீலும் கேட்கவில்லை.

ஜன்னல், மவுஸ் எல்லாம் 1979-இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் ஆப்பிள்காரர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவை. விருந்துண்ட வீட்டுச் சாம்பாருக்கே பட்டா கேட்கும் துணிச்சல் யாருக்கு வரும்? வந்தது. 1988-இல் மைக்ரோசாஃப்ட் மீதும் ஹெச்பி மீதும் 189 அம்சங்களைப் பட்டியல் போட்டு ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. மறு வருஷம் ஜெராக்ஸுக்கும் ரோஷம் வந்து, ஆப்பிள் மீதே படியேறியது. இரண்டுமே தேறவில்லை.

ஒத்திருந்தால் ஆப்பிள் அடிக்கும். சரி, ஒத்துப்போனால்? அதற்கு மைக்ரோசாஃப்ட் இருந்தது. உதைபட்டது அதே டிஜிட்டல் ரிசர்ச்தான்.

அன்றைய விண்டோஸ், டாஸ் என்ற இயங்குதளத்தின் முதுகில் ஏறித்தான் ஓடும். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-டாஸ் செய்ததையெல்லாம் டிஜிட்டல் ரிசர்ச்சின் டிஆர்-டாஸும் செய்தது. 1991 டிசம்பரில் வெளியே சோதிக்கக் கொடுத்த விண்டோஸ் 3.1, தனக்குக் கீழே இருப்பது மைக்ரோசாஃப்டின் டாஸ் இல்லை என்று மோப்பம் பிடித்தால், எண் போட்டு ஒரு பிழைச்செய்தி காட்டும். உயிர் போகிற பிழை இல்லையாம். ஆனால் எங்கள் உதவிப் பிரிவைக் கூப்பிடுங்கள் என்று சொல்லும். 'சி' விசையைத் தட்டினால் வேலை தொடரும். அப்படியானால் பிழை எங்கே? எங்கேயும் இல்லை. செய்திதான் இருந்தது.

அந்தச் சில வரி நிரலை எவனும் படித்துவிடக் கூடாதென்று மறையாக்கம் செய்திருந்தார்கள். ஓடும்போதே அது தன்னை மாற்றி எழுதிக்கொள்ளும். உள்ளே எட்டிப்பார்க்கும் டீபக்கரைக் குழப்பும். நேர்மையான காரியத்துக்கு எதற்கு இத்தனை முக்காடு? 1993-இல் ஆண்ட்ரூ ஷுல்மன் இதைப் பத்திரிகையில் பிரித்துப்போட்டார். விற்பனைக்கு வந்த பதிப்பிலும் அந்த நிரல் இருந்தது, வாயை மட்டும் அடைத்திருந்தார்கள். பொருந்தாமை தானாக நேர்வது என்று நம்புகிறவர்கள் கவனிக்க: இதை உட்கார்ந்து எழுத ஒரு கெட்டிக்கார இன்ஜினியருக்கு மாதச் சம்பளம் போயிருக்கிறது.

ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்டும் கைகோத்து, எதிர்காலமே ஓஎஸ்/2 என்ற இயங்குதளம்தான், அதற்கே எழுதுங்கள் என்று மென்பொருள்காரர்களிடம் ஊதியதும் அதற்குச் சில வருஷம் முன்புதான். விண்டோஸில் ஜன்னலுக்குள் வரைய, புள்ளிக் கணக்கு மேல் மூலையில் தொடங்கும். ஓஎஸ்/2-இல் கீழ் மூலையில். கட்டளைகளின் பெயரும் வேறு. எல்லாவற்றையும் தலைகீழாக்கி எழுதி, நிமிர்ந்து பார்த்தால் 1990-இல் விண்டோஸ் 3.0 சக்கைப்போடு போடுகிறது. ஊதியவர்களில் ஒருவரான மைக்ரோசாஃப்ட் கூட்டணியிலேயே இல்லை. யூனிக்ஸ் மேதைகளோ, எம்ஐடி கொடுத்த எக்ஸ் சாளரத்தின் மேல் பொத்தான் எப்படித் தெரிய வேண்டும் என்று சன் ஒரு கட்சி, ஐபிஎம்-ஹெச்பி-டெக் எதிர்க்கட்சியாக 1993 வரை மல்லுக்கட்டினார்கள். அதற்குள் ஆபீஸ் மேஜையெல்லாம் பறிபோயிருந்தது.

மீண்டும் டிஆர்-டாஸ்: அதை வாங்கிய கால்டெரா கம்பெனி 1996-இல் மைக்ரோசாஃப்டைக் கோர்ட்டுக்கு இழுத்தது. விசாரணை தொடங்குமுன், 2000 ஜனவரியில் சமரசம். தொகை ரகசியம். அது வெளியே வந்தது 2009-இல்: 28 கோடி டாலர். போட்டிக்காரனின் கதையை முடிக்க இது அடிமாட்டு விலை.