கயிறு பிடிக்க ஒரு மச்சான்

எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தாலும் அது என் வீட்டு வாசலில்தான் இறங்கும். "யக்கா, நீங்க சும்மாத்தான இருக்கிய" என்று சொல்லி ஆளுக்கொரு சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். இன்றைய தேதிக்கு என் வீட்டு ஆணியில் ஏழு வீட்டுச் சாவி தொங்குகிறது. ஒரு சாவி யாருடையது என்று எனக்கும் மறந்துவிட்டது, அவர்களுக்கும் மறந்துவிட்டது.

சும்மா இருக்கிற நான் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பேன் என்று சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் நகம் அளவுள்ள சிப்பியில் கம்மல் கொக்கி மாட்ட ஒரு ஓட்டை போட்டுக்கொண்டிருப்பேன். தட்டில் தண்ணீர் ஊற்றி, சிப்பி லேசாக முங்குகிற மாதிரி வைத்து, பேட்டரியில் ஓடுகிற சின்ன டிரில்லை மெதுவாக இறக்க வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் வெள்ளைத் தூசி பறக்கும், பல் டாக்டர் அறை வாசனை வரும், சிப்பி சூடாகிப் பிளக்கும். தண்ணீர் இருந்தாலும் அழுத்தக் கூடாது. பாதித் தூரம் வரைக்கும் எந்தச் சிப்பியும் உடையாது. மறுபக்கம் வெளிச்சம் தெரியப்போகிற கடைசி நொடியில்தான் 'டக்' என்று கேட்கும். அதே நொடியில் வாசலில் "சிலிண்டர்!" என்றும் கேட்கும். இந்த இரண்டு சத்தத்துக்கும் உள்ள தொடர்பை யாராவது ஆராய்ச்சி செய்தால் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சிப்பித் தொழிலுக்கு முன்னால் துறைமுகம் சார்ந்த ஓர் ஆபீசில் பதிமூன்று வருஷம் வேலை பார்த்தேன். மற்றவர்களின் சரக்கு கொழும்புக்கும் துபாய்க்கும் போகக் காகிதம் தயார் செய்வது என் வேலை. ஒருநாள் 'நம்ம சரக்கு எப்போ போவும்?' என்று தோன்றியது. அந்தக் கேள்வி காலையில் தோன்றியிருந்தால் டீ குடித்ததும் சரியாகிப் போயிருக்கும். சம்பளத் தேதி சாயங்காலம் தோன்றிவிட்டது. வேலையை விட்டேன்.

தனியாகத் தொழில் செய்வதில் பணக் கஷ்டம் இருக்கும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். திட்டுவதற்கு ஆள் இருக்காது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஆபீசில் ஒரு தப்பு நடந்தால் கணக்குப் பிரிவைத் திட்டலாம், மேனேஜரைத் திட்டலாம், மின்விசிறியையாவது திட்டலாம். இங்கே விசாரணைக் கமிஷன் வைத்தால் நீதிபதி, குற்றவாளி, சாட்சி மூன்றும் நான்தான். சாட்சி பிறழ்வதற்குக்கூட வழியில்லை. போன தீபாவளிக்கு போனஸ் கேட்டேன், நிர்வாகம் கைவிரித்துவிட்டது. வேலைநிறுத்தம் செய்யலாமா என்று பார்த்தால் அதில் நஷ்டப்படுவதும் நான்.

வாடிக்கையாளர்கள் தங்கமானவர்கள். தங்கம் மாதிரியே கையில் நிற்க மாட்டார்கள். "ஃபோட்டோ அனுப்புங்க சிஸ்டர்" என்பார்கள். அனுப்பினால் "இதே மாடல் நீலத்துல?" என்பார்கள். நீலத்தில் அனுப்பினால் ஆளைக் காணோம். ஒரு கூரியர் கம்பெனி மூலமாக ஈரோட்டுக்கு ஒரு சிப்பிக் கண்ணாடிச் சட்டம் அனுப்பினேன். போய்ச் சேர்ந்த அன்றைக்கு அந்த அம்மா போன் செய்து, "கோலப்பொடி நல்லா வெள்ளையா இருக்குங்க, கண்ணாடி எப்பங்க வரும்?" என்று கேட்டார். நேரில் வருகிறவர்கள் இன்னும் மேல். "கடல்ல சும்மா கெடக்க சிப்பிக்கு 180 ரூவாயா?" கடலும் சும்மா கிடக்கிறது, சிப்பியும் சும்மா கிடக்கிறது, நானும் சும்மா இருக்கிறேன். இந்தத் தூத்துக்குடியில் சும்மா இல்லாதது அந்த சிலிண்டர்காரர் மட்டும்தான்.

வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, மேஜையைப் பார்த்து, "இன்னுமா சிப்பி?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்கு மார்க்கோ போலோ பழக்கமானார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் கடற்கரைப் பக்கம் வந்த மனுஷர் முத்துக் குளிப்பைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. அது சரி, ராஜா என்றால் வரி இருக்கும். இருபதில் ஒரு பங்கு இன்னொருவருக்கு. அவர் யாரென்றால், பெரிய மீன்கள் குளியாட்களைக் கடிக்காமலிருக்க மந்திரம் போடுகிறவர். அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான் செல்லும். பொழுது சாய்ந்ததும் அவரே அவிழ்த்துவிடுவார், ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாக முங்கி முத்தெடுத்துவிடக் கூடாதே! ஆபீஸ் முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட்டுப் போகிற முதலாளிக்கு அவர்தான் ஆதிமூலம்.

அதற்கு ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் என்ற வெள்ளைக்காரரும் அந்த உத்தியோகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். உத்தியோகத்தின் பெயர் 'கடல் கட்டி'. அவர் இல்லாமல் ஒரு குளியாளும் கடலில் கால் வைக்க மாட்டானாம். டென்னன்ட் காலத்தில் அந்த வேலையில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவர், அதைப் பற்றி யாரும் கவலைப்படவுமில்லை. சுறாவுக்கு அந்த மந்திரம் கேட்டதோ என்னவோ, குளியாளுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது.

இருபதில் ஒரு பங்கு என்றால் 5 சதவீதம். "இறங்கு, ஒண்ணும் ஆவாது" என்று சொல்வதற்கு 5 சதவீதம்! என் கணக்கில் 180 ரூபாய்க் கம்மலுக்கு 9 ரூபாய். தரத் தயார் என்று மனசுக்குள் விளம்பரம் கொடுத்தேன். 9 ரூபாய்க்கு எங்கள் ஊரில் டீயே வராது, கடல் கட்டி எங்கே வருவார்?

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எங்கள் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அப்போது அவருக்கு மீசை அரும்புகிற வயசு, வள்ளத்தில் எடுபிடியாகப் போயிருக்கிறார். பிறகு ரொம்ப நாள் சங்கு குளித்தவர். "கடல் கட்டியெல்லாம் கரையோட சரி. தண்ணிக்குள்ள கயிறு பிடிக்கவன்தான் கணக்கு" என்றார்.

அந்தக் காலத்தில் குளியாள் காலில் கல்லை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று எட்டுப் பத்துப் பாக ஆழத்துக்கு இறங்குவான். ஒரு நிமிஷம் மூச்சடக்கி, கடலடிப் பார் மேல் ஒட்டிக் கிடக்கிற சிப்பியைப் பிய்த்து வலைப்பையில் போடுவான். முடியவில்லை என்றால் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். மேலே இருக்கிறவன் அப்போது பீடி பற்ற வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதனால்தான் கயிறு பிடிக்க மச்சானைக் கூட்டிப் போவார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பெரியப்பாவின் விளக்கம் இது: "அண்ணன் தம்பி பிடிச்சான்னா, இழுக்கதுக்கு முன்னால சொத்துக் கணக்கு ஓடும். மச்சானுக்குத் தங்கச்சி தாலிக் கணக்கு. பட்டுன்னு இழுத்திருவான்."

எனக்கு அப்படி ஒரு மச்சான் கூரியர் ஆபீஸ் வரிசையில் கிடைத்தார். ஒருவரல்ல, மூன்று பேர். குமிழ்த்தாள் சுற்றின பார்சலைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் ஒரு பார்சலைத் தூக்கிப் பின்னால் எறிந்தபோது நான்கு பேரும் ஒன்றாக "ஐயோ" என்றோம். அப்படிப் பழக்கம்.

ஒருவர் தோணி அண்ணாச்சி. பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற மரத்தோணிகளைப் பார்த்து, பாய் கயிறு உள்பட முழ நீளத்தில் மாதிரி செய்கிறவர். அடுத்தவர் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிற தம்பி. ஃப்ளெக்ஸ் வந்து ஊரில் போர்டு எழுதுகிறவர்கள் பிழைப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போன பிறகு, கடலுப்புக்கு ஃப்ளெக்ஸ் தாங்காது என்ற ஒரே காரணத்தால் மிச்சமிருக்கிற கலைஞன். அலை, மாதா, விஜய் மூன்றையும் ஒரே கையால் வரைவான். மூன்றாவது, திருச்செந்தூர் தாண்டி மணப்பாட்டுப் பக்கத்திலிருந்து பனையோலைப் பெட்டி கொண்டுவருகிற மைனி. முன்னால் பத்துப் பெண்களோடு உட்கார்ந்து முடைந்தவர், இப்போது வீட்டில் தனியாக. "வாய் ஓடாம கை ஓட மாட்டேங்கு தாயி" என்றார். தனித்தொழிலைப் பற்றி நான் கேட்டதிலேயே துல்லியமான வாக்கியம் இதுதான்.

வியாழக்கிழமை ராத்திரி நைட் கிளப்பில் சந்திப்பது என்று முடிவானது. வெளியூர்க்காரர்கள் பதற வேண்டாம். எங்கள் ஊரில் பரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்று பெயர். இது தெரியாமல் சென்னையில் இருக்கும் என் நாத்தனார், "அண்ணன் கப்பல்ல இருக்காரு, அண்ணி வியாழக்கிழமை வியாழக்கிழமை நைட் கிளப் போறாங்க" என்று குடும்பம் முழுக்கப் பரப்பிவிட்டார்.

முதல் கூட்டத்தில் முத்து வளர்ப்பு பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் ஊர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 1973இல் அழகர்சாமி என்ற விஞ்ஞானி வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார். சிப்பிக்குள் ஒரு மணியைத் திணித்தால் உறுத்தி உறுத்தி முத்தாகிவிடும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மணி மட்டும் போதாது என்றார் தோணி அண்ணாச்சி. இன்னொரு சிப்பியின் மேலாடைச் சதையில் துளியூண்டு வெட்டி, அந்த மணியோடு ஒட்டி வைக்க வேண்டும். அந்த இன்னொரு சிப்பியின் சதை சேர்ந்தால்தான் முத்துப் படலம் வளரும்.

"எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்றேன் நான். கண்ணெல்லாம் கலங்கியது.

"அந்த இன்னொரு சிப்பி என்ன ஆவும்?" என்றார் மைனி.

"செத்துப்போவும்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூன்று பேரும் ஒரே சமயத்தில் பெயர் எழுதுகிற தம்பியைப் பார்த்தோம். அன்றைய பரோட்டா பில்லை அவன்தான் கொடுத்தான்.

யாருக்காவது இயந்திரத்தில் வார்த்த சரக்கோடு போட்டி வந்து ஒப்பாரி வைத்தால், "குடை" என்று ஒரு வார்த்தை சொல்வோம். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை இறக்கி, இலவசமாகவே ஏற்றி, ஏறினவர்களுக்கு ஆளுக்கொரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். அவரே தனியாள் இல்லை, 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு போட்டுப் பத்து லட்சம் திரட்டப் பார்த்தவர். எங்கள் மூலதனம் நாலு பரோட்டா, ஒரு சால்னா. குடை கொடுக்கிறவனோடு எங்கே மல்லுக்கட்ட? "குடை" என்றதும் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அடுத்த பரோட்டாவைப் பிய்க்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

இன்னொரு விதி, 'இழு'. வேலை ஓடாமல், மூச்சு முட்டி, எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்று தோன்றினால் வாட்ஸ்அப்பில் 'இழு' என்று ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும். காரணம் கேட்காமல் மற்றவர்கள் போன் செய்ய வேண்டும். போனை எடுக்காவிட்டால் நேரில் போக வேண்டும்.

ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு, மீள்கயிறு கோத்த கைவளையம் வாங்கின ஒரு பெண் "அறுந்துருமா அக்கா?" என்று கேட்டிருந்தாள். "இழுத்துப் பாரும்மா, அறாது" என்று எழுத ஆரம்பித்தேன். 'இழு' வரைக்கும் வந்ததும் விரல் தவறி அனுப்பிவிட்டேன், அதுவும் எங்கள் குழுவுக்கு. போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியும் விட்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு இடிபட்டது. வாசலில் டார்ச் லைட்டோடு தோணி அண்ணாச்சி. சட்டையெல்லாம் நீலப் பெயின்ட்டோடு தம்பி. தம்பியின் போனில் மணப்பாட்டிலிருந்து மைனி, "கதவ உடைங்கடே! உடைங்கடே!" என்று கத்திக்கொண்டிருந்தார். தெருவில் வரிசையாக விளக்கு எரிந்தது. எதிர்வீட்டு அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "யாருக்கு சிலிண்டர்?" என்று கேட்டார்.

"சிலிண்டர் இல்லக்கா. இவங்க தொழில்ல ஒரு அவசரம்" என்றான் தம்பி.

"தொழிலா? இவ சும்மாத்தான இருக்கா?"

அந்த நடுராத்திரியில், ஒரு முழத் தோணிக்கு எத்தனை நாள் மரம் இழைக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்து, ஒரு சிப்பிக்கு எத்தனை நிமிஷம் என்பது வரைக்கும் அண்ணாச்சி தெருவுக்கே பாடம் எடுத்தார். அவர் தோணிக்கு விலை சொல்லும்போது அவருக்குக் குரலே வராது என்பது எனக்குத் தெரியும். என் சிப்பிக்குப் பேசும்போது மேடைப் பேச்சாளர் மாதிரி பேசினார். எங்களுக்கு ஒரு யோசனை பிறந்தது அப்போதுதான்.

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்து ஒரு ஜோடிக் கம்மலை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "எவ்வளவுட்டீ?" என்றார். 'சும்மா எடுத்துக்கோங்கக்கா' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "விலையெல்லாம் எங்க மேனேஜர்தான்" என்று போனைப் போட்டுக் கொடுத்தேன். மறுமுனையில் உப்புத்தாள் தேய்க்கிற சத்தத்துக்கு நடுவே அண்ணாச்சி, "நூத்தி எம்பது. பேரம் கெடையாது" என்றார்.

அக்கா பணத்தை எண்ணிக் கொடுத்தார். "ஒங்க மேனேஜர் ரொம்பக் கறாரு" என்றார். போகும்போது, "நாளைக்கு எனக்கு சிலிண்டர் வருது. ஒனக்கு வேல இருக்குமாட்டீ?" என்று கேட்டார். இந்த வீட்டுக்கு நான் வந்த பத்து வருஷத்தில் இப்படி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் படி இறங்குவதற்குள் போன் அதிர்ந்தது. அண்ணாச்சியிடமிருந்து 'இழு'. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தோணி கேட்டு லைனில் இருக்கிறாராம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம், மேனேஜர் பேசுறேன். அந்தத் தோணி 2,500" என்றேன்.